பார்த்ததாகக் கையெழுத்து

முதலில் சட்டை, பிறகு பேண்ட், பிறகு காலுறை, கடைசியில் தலையில் கட்டியிருந்த துண்டு. பவளக்கொடி ஒவ்வொன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் குச்சியால் அமுக்கினாள். காட்டுக்குள் போய்வந்த துணி அப்படியே வீட்டுக்குள் வரக்கூடாது. அதற்காகத்தான் குளியலறைக்குப் பின்பக்கமாக ஒரு கதவு, கதவையொட்டி ஒரு விறகடுப்பு, அடுப்பின்மேல் இந்த அண்டா. பதினொரு வருஷமாக இதே வரிசைதான். அவளுடைய வேலை உண்ணி பிடிப்பது. வெளியூரில் யாராவது கேட்டால், மாட்டுக்கா நாய்க்கா என்று சிரிப்பார்கள். மாட்டுக்கும் இல்லை, நாய்க்கும் இல்லை, காட்டுக்கு. ஒரு மீட்டர் அகல வெள்ளைத் துணியை நீளக் கம்பில் கட்டி, கம்பின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, சருகின்மேல் இழுத்தபடி பத்து எட்டு நடக்க வேண்டும். நிற்க வேண்டும். துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாததுபோல் கிடந்த தரையிலிருந்து, ஒரு சத்தமும் இல்லாமல், மிளகைப் பொடித்துத் தூவியதுபோல வந்து உட்கார்ந்திருக்கும். இடுக்கியால் எடுத்துச் சீசாவில் போட்டு இடமும் தேதியும் எழுதி அனுப்பினால், எங்கோ ஓர் ஊரில் அரைத்துப் பார்த்து, இதில் குரங்குக் காய்ச்சல் இருக்கிறது, இதில் இல்லை என்று சொல்வார்கள். சொல்ல மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரத்தில் எத்தனை பேர் அதே சருகின்மேல் விறகு பொறுக்கப் போய்வந்திருப்பார்கள் என்று நினைக்கக்கூடாது என்று அவள் நினைத்துக்கொண்டபோது, சுவருக்கு அந்தப் பக்கம் போஜன் இருமினார்.

மூன்று இருமல். பிறகு அவர் மனைவி மிச்சி ஏதோ கேட்கிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம். ஊழியர் குடியிருப்பில் நான்கு வீட்டுக்கும் ஒரே கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். கம்பின் ஒரு முனை அவள் கையில் என்றால் மறுமுனை போஜன் கையில். நான்கு மாதமாக அவர்தான் அவளுக்கு ஜோடி. இன்றைக்கு வரவில்லை, மறுமுனையை ஜீப் டிரைவர் பிடித்தார். காலையில் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார், போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு. “சும்மா உடம்பு அலுப்பு, தங்கச்சி. இன்ஸ்பெக்டர் கேட்டா சொந்த வேலைன்னு சொல்லிடு. காய்ச்சல்னு சொன்னா வண்டியில ஏத்திக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கண்ணாடி ரூம்ல தனியாப் போட்டுருவாங்க. நான் என்ன மீனா?” அவளும் சிரித்துவிட்டு, ஜீப்பில் ஏறும்போது சுகாதார இன்ஸ்பெக்டரிடம் அப்படியே சொன்னாள். சொந்த வேலை சார். நாக்கு எவ்வளவு சுலபமாகப் புரண்டது. குழுவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்பது அலுவலகக் கதவில் ஒட்டியிருக்கிற தாளில் முதல் வரி. அந்தத் தாளைப் பசை தடவி ஒட்டியவளே அவள்தான். அலுப்புதானே என்றாரே. ஐம்பத்தாறு வயதில் சரிவில் ஏறி இறங்கினால் அலுப்பு வராமல் என்ன செய்யும். அலுப்புக்கு எதற்குத் தலையோடு போர்வை. அவள் சொம்பை எடுத்து மளமளவென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் சுவர் காணாமல் போனது.

கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டு போக வேண்டும். கால் விரலிடுக்கு, கணுக்கால், முழங்காலின் பின்மடிப்பு, தொடைச்சந்து, தொப்புள், அக்குள், காதின் பின்பக்கம், தலைமுடி. உண்ணி ஏறின உடனே கடிப்பதில்லை. மெதுவாக நடந்து இடம் தேடும். மென்மையாக, கதகதப்பாக, யாரும் பார்க்காததாக ஓர் இடம். அதற்கு அவசரமே கிடையாது. புல்லின் நுனியில் ஏறி, பின்னங்காலால் புல்லைப் பிடித்துக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் விரித்து நிற்கும், தூக்கச் சொல்லிக் குழந்தை கை நீட்டுகிற மாதிரி. மாதக்கணக்கில் பட்டினியாக அப்படியே நிற்கும். நாம் விடுகிற மூச்சு அதற்கு வாசனை. அது நம்மிடம் வருவதில்லை. நாம்தான் அதனிடம் போகிறோம், மூச்சு விட்டுக்கொண்டே. இதை முதன்முதலில் பயிற்சியில் கேட்ட அன்று, காட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று அவள் முயன்று பார்த்திருக்கிறாள். பதினாறு எட்டு. முழங்கால் மடிப்பில் என்னவோ ஊர்ந்தது. விரலால் தடவினாள், கடுகைவிடச் சின்னதாக ஒன்று தட்டுப்பட்டது, அது என்ன என்று மனம் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு கட்டைவிரல் நகமும் ஒன்றாகச் சேர்ந்து ‘டக்’. நகத்தில் ஒரு சொட்டுச் சிவப்பு. அய்யோ. புதிதாக வருகிறவர்களை அவள் திட்டுகிற முதல் திட்டே இதுதான். நசுக்காதே, அது பேனில்லை, அதற்குள் இருப்பது உன் நகக்கண் வழியாக உனக்குள் போகும், சீசாவில் போடு. ஆனால் நகம் பேச்சைக் கேட்பதில்லை. நகம் அவளுடைய அப்பாவுடையது. ஆட்டுக்குட்டியைத் தொடையிடுக்கில் கவ்விப் பிடித்துக்கொண்டு, காதைப் புரட்டி, டக், டக், டக் என்று எண்ணிக்கொண்டே நசுக்குவார். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கம் வரும். சோப்பைப் போட்டுக் கையை மூன்று முறை கழுவினாள். நகத்தில் ஒன்றுமில்லை. மறுபடி கழுவினாள்.

முதுகுதான் பாக்கி. அவளிடம் இரண்டு கண்ணாடி இருக்கிறது, சுவரில் ஆணியில் தொங்குவது ஒன்று, கைக்கு அடக்கமாக ஒன்று. சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கைக்கண்ணாடியை முகத்துக்கு நேராகப் பிடித்தால், யாருடையதோ போல ஒரு முதுகு தெரியும். நாற்பத்து நான்கு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிகிற ஒன்று இவ்வளவு அந்நியமாக இருக்குமா என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆவியைத் துண்டால் துடைத்தாள். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. ஆவி மூடியது. துடைத்தாள். இருந்தது. கையை மேலிருந்து வளைத்தால் அதற்கு ஒரு விரற்கடை மேலேதான் எட்டியது. கீழிருந்து வளைத்தால் ஒரு விரற்கடை கீழே. இரண்டு கைக்கும் எட்டாத, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம், அதன் நட்ட நடுவில் அந்தப் புள்ளி. தெரிந்தே வந்து உட்கார்ந்ததுபோல. மச்சமாக இருக்கலாம். அங்கே அவளுக்கு மச்சம் இருக்கிறதா? அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அம்மா இல்லை. புருஷனுக்குத் தெரியுமா? ஏழு வருஷம் சேர்ந்திருந்தான், விளக்கை அணைத்த பிறகுதான் பக்கத்திலேயே வருவான். திருப்பூருக்குப் போய் வேறொரு குடித்தனம் நடத்துகிறவனை ஃபோனில் கூப்பிட்டு என் முதுகில் மச்சம் இருந்ததா என்று கேட்டால் பைத்தியம் என்பான். ஒரு மனுஷியின் உடம்பில் ஒரு புள்ளி இருந்ததா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லாமல் போகுமா. ஜெஸிந்தாவுக்குத் தெரியும்.

ஜெஸிந்தா போஜனுக்கு முன்னால் ஜோடியாக இருந்தவள். ஆறு வருஷம். தினமும் காடு முடிந்து வந்ததும் இதே குளியலறையில் ஒருத்தி முதுகை ஒருத்தி பார்ப்பார்கள். “அக்கா, உன் முதுகு நம்ம ஏரியா மேப்பு மாதிரியே இருக்கு. இங்க ஓடை, இங்க ரோடு.” “ஒழுங்காப் பாருடி.” “பாத்தாச்சு. யானை ஒண்ணுதான் இல்ல.” பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் இன்னும் விடுப்பில் இருக்கிறாள். துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரக் கையோடு பவளக்கொடி அவளைக் கூப்பிட்டாள். பின்னணியில் குழந்தை வீறிட்டது. “மச்சமா? இருந்த மாதிரியும் இருக்குக்கா, இல்லாத மாதிரியும் இருக்கு. இந்தப் புள்ள வந்ததுலேர்ந்து நேத்து என்ன தின்னேன்னே ஞாபகம் இல்ல. ஏன், என்னாச்சு?” “ஒண்ணுமில்லடி, சும்மாதான்.” “சும்மா யாராச்சும் மச்சம் கேப்பாங்களா? இப்ப யாரு உனக்குப் பாக்குறது?” “பாக்குறாங்க.” “யாரு, போஜண்ணனா?” ஜெஸிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். “அவரு உன் மூஞ்சியவே நிமிந்து பாத்ததில்லையேக்கா!” குழந்தை மறுபடி அழுதது, வச்சிடுறேன்க்கா என்றாள், லைன் போனது. போன பிறகும் அந்தச் சிரிப்பு மட்டும் குளியலறையிலேயே, ஆவியோடு ஆவியாக நின்றது.

அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. காட்டுக்குப் போய்வந்தவர் பெயர், நேரம், உடல் முழுதும் பார்க்கப்பட்டது, பார்த்தவர் கையெழுத்து. போஜனோடு முதல் நாள் போய்வந்தபோது இரண்டு பேரும் அந்த நோட்டின் முன்னால் நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றார்கள்? மேஜையில் ஒரு எறும்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு போஜன் பேனாவை எடுத்து, அவள் பெயருக்கு எதிரே, பார்த்தவர் கட்டத்தில், தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தார். அவளும் அவர் பெயருக்கு எதிரே போட்டாள். எவ்வளவு நல்ல மனுஷர் என்று அன்றைக்கு நினைத்தாள். பெண்பிள்ளையைக் கூசவைக்காத மனுஷர். அதற்குப் பிறகு தினமும். பவளக்கொடி, பவளக்கொடி, பவளக்கொடி என்று அவர் பெயருக்கு எதிரே வரிசையாகத் தன் கையெழுத்து. பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன். அந்த வரிசையில் போன செவ்வாய்க்கிழமையும் இருக்கிறது. இல்லை, இப்போது செவ்வாய்க்கிழமை வேண்டாம். இப்போது அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும்.

ஃபோனைத் தோளுக்கு மேலாகப் பிடித்துப் படம் எடுத்தாள். முதல் படத்தில் காது. இரண்டாவதில் மங்கலாக ஒரு பழுப்பு வெளி. மூன்றாவதில் புள்ளி விழுந்தது. விரலால் பெரிதாக்கினாள், பெரிதாகப் பெரிதாகச் சதுரம் சதுரமாக உடைந்தது. கால் இருக்கிறதா? பெரியதுக்கு எட்டுக் கால், முட்டையை விட்டு வந்த குஞ்சுக்கு ஆறு. இந்தச் சதுரங்களில் எத்தனை வேண்டுமானாலும் எண்ணலாம். பயிற்சியில் வந்த டாக்டர் அமெரிக்காவில் உண்ணியால் வருகிற வேறொரு நோயைத் திரையில் காட்டினார், லைம் என்று பெயர், கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொரு வளையம், கல் போட்ட குளம்போல. அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறைத்தது. அது வெள்ளைக்காரர் முதுகு, அதனால் வளையம் தெரிகிறது. நம் தோலில் இதெல்லாம் தெரியுமா சார் என்று கேட்டாள். தெரியாமலும் போகும், அதனால்தான் கூர்ந்து பார்க்க வேண்டும் என்றார். நம்முடைய குரங்குக் காய்ச்சலுக்கோ அந்த வளையம்கூடக் கிடையாது. அது ஒரு நாள் காலையில் திடீரென்று வரும், தலை பிளக்கும், கண் சிவக்கும், அவ்வளவுதான் அறிவிப்பு. படத்தை மறுபடி பார்த்தாள். புள்ளி வலப்பக்கம் இருந்தது. கண்ணாடியில் இடப்பக்கம் பார்த்தாளே. நகர்ந்துவிட்டதா? நான்கு எட்டு நடந்து முதுகெலும்பைத் தாண்டிவிட்டதா? இரண்டு கண்ணாடியில் பார்த்தால் இடம் வலம் எப்படி மாறும், ஒன்றில் மாறினால் இரண்டில் திரும்ப மாறாதா, செல்ஃபோன் தானாகவே திருப்பிக் காட்டுமா. கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இது என் இடது கை. இது என் வலது கை. கொஞ்ச நேரத்தில் அதுவும் சந்தேகமானது. பேனாவின் பின்முனையால் எட்டித் தொட்டாள். லேசாகத் தடித்திருந்தது. மச்சமும் தடித்திருக்கும். உண்ணி ரத்தம் குடிக்கும்போது வலிக்காது. வலிக்காமலிருக்க மருந்து வைத்துக்கொண்டுதான் குடிக்கும். ஆகவே வலிக்கவில்லை என்பதற்கு அர்த்தமே இல்லை.

செவ்வாய்க்கிழமை நாவல் மரத்தடியில் ஒரு மந்தி செத்துக் கிடந்தது. முகம் கறுப்பு, மற்றதெல்லாம் சாம்பல் வெள்ளை, வால் மட்டும் யாரோ நேராக எடுத்து வைத்ததுபோல் நீட்டமாக. குரங்கு செத்தால் உடம்பு ஆறும். ஆறினதும் அதன்மேல் இருந்த அத்தனை உண்ணியும் இறங்கிவிடும், சூடான வேறு உடம்பு தேடி. அதனால் செத்த குரங்கைச் சுற்றி ஐம்பது மீட்டர் கயிறு கட்டி மருந்துப் பொடி தூவ வேண்டும். போஜன் மண்டிபோட்டுக் கயிறு கட்டினார். சட்டை மேலே ஏறியிருந்தது. அவள் பார்த்தாள், சட்டைக்கும் பேண்டுக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு வெறும் தோல், குனிந்த உடம்பு, சருகின்மேல். அண்ணே, சட்டையை இழுத்து உள்ளே விடுங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஒரு ஆம்பிளையின் இடுப்பைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் நோட்டில் கையெழுத்துப் போட்டாள், உடல் முழுதும் பார்க்கப்பட்டது. இன்றைக்குத் திங்கள். ஆறு நாள். கடித்த மூன்று நாளிலிருந்து எட்டு நாளுக்குள் காய்ச்சல் வரும் என்று பயிற்சியில் டாக்டர் சொன்னார். ஒரு மணி நேரமாக அவள் தன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்காக என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. இந்தச் சுவரைப் பார்க்காமல் இருப்பதற்காக. தண்ணீர் ஊற்றியதும், ஜெஸிந்தாவைக் கூப்பிட்டதும், புள்ளியை உடைத்து உடைத்துப் பார்த்ததும் எல்லாம் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான். சுவரில் காதை வைத்தாள். இருமல் இல்லை. டம்ளர் சத்தம் இல்லை. சுவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? நான்கு மாதக் கையெழுத்து அத்தனையும் பொய் என்று ஆகும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அவர் அலுப்பு என்று படுத்திருப்பார், நாளைக்கும் படுத்திருப்பார், மூக்கில் ரத்தம் வருகிற வரைக்கும். அவள் உடுத்திக்கொண்டாள். கையுறை, இடுக்கி, ஒரு சீசா. அவளுடைய வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் பன்னிரண்டு எட்டு. பத்தாவது எட்டில் பழக்கத்தில் கால் தானாக நின்றது.

மிச்சி கதவைத் திறந்தாள். வெயில் இன்னும் மிச்சமிருந்தும் உள்ளே ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. “வெளிச்சம் கண்ணு கூசுதாம்,” என்றாள் மிச்சி. “சாப்பிடல. யாரோ தலைக்குள்ள விறகு பொளக்குற மாதிரி இருக்குதாம்.”

போஜன் போர்வைக்குள்ளிருந்து பார்த்தார். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. “தங்கச்சியா? இன்ஸ்பெக்டர் என்னாச்சுன்னு கேட்டாரா?”

“அண்ணே, சட்டையைக் கழட்டுங்க.”

“என்னம்மா பேச்சு இது.”

“மிச்சியக்கா, நான் இவரு உடம்பைப் பாத்தேன்னு நாலு மாசமா கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு நாளும் பாத்ததில்ல. அவரும் என்னைப் பாத்ததில்ல. இப்பப் பாக்கணும்.”

மிச்சி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு போய் ஜன்னலைத் திறந்தாள். போஜன் முனகிக் கண்ணை மூடிக்கொண்டார். மிச்சி போர்வையை இழுத்து, கணவனைக் குப்புறத் திருப்பி, பனியனைக் கழுத்துவரைக்கும் சுருட்டினாள். உடம்பு அனலாக அடித்தது. முதுகில் ஒன்றுமில்லை. தோளில் ஒன்றுமில்லை. பவளக்கொடிக்கு ஒரு மூச்சு வெளியே வந்தது. அப்போது மிச்சி அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் தூக்கினாள். அதுவரை கயிற்றுக்கடியில் மறைந்திருந்த வரியில், கயிற்றில் கோத்த மணிகளைப்போல, சாம்பல் நிறத்தில் மூன்று உருண்டிருந்தன. ஒன்று கால்களை அசைத்தது.

“சுண்ணாம்பு வைக்கட்டுமா?” மிச்சி அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“எதுவும் வைக்காதீங்கக்கா. தொடாதீங்க.” இடுக்கியைத் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல், அவசரப்படாமல், நேராக இழுத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. சீசாவை மூடிவிட்டு ஃபோனை எடுத்தாள். “சார், பவளக்கொடி. போஜண்ணனுக்குக் காய்ச்சல், காலையிலேர்ந்து. கண்ணு சிவந்திருக்கு. உண்ணி மூணு எடுத்திருக்கேன். சொந்த வேலைன்னு சொன்னது பொய் சார்... இல்ல சார், அது மட்டும் இல்ல. நோட்டுல போட்டதும் பொய். ஒரு நாளும் பாக்கல. முதல்ல வண்டி அனுப்புங்க, அப்புறம் திட்டுங்க.” அரை மணி நேரத்தில் வண்டி வரும் என்றது அந்தப் பக்கக் குரல்.

போஜன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார், “என்னாலதான், தங்கச்சி. முதல்ல பேனாவை எடுத்தது நான்.” பவளக்கொடி ஒரு துணியை நனைத்து அவர் நெற்றியில் போட்டாள்.

மிச்சி கதவைச் சாத்தி, அவள் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். “உனக்கு யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல.”

“திரும்பு.”

ரவிக்கையின் கொக்கி ஒவ்வொன்றாகக் கழன்றது. முதுகில் காற்றுப் பட்டது. மிச்சியின் விரல் நுனி குளிர்ந்திருந்தது; பிடரியிலிருந்து தொடங்கி, அரிசியில் கல் பார்க்கிறவளைப்போல, மெதுவாக, ஓர் இடம் விடாமல் வந்தது. நான்கு மாதம். யாருடைய கையும் படாத நான்கு மாதம். பவளக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். விரல் அந்த இடத்துக்கு வந்தது, நின்றது, நகத்தால் லேசாகச் சுரண்டியது.

“இதுக்கா பயந்த? மச்சம்டி இது. பொறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும்.”

மச்சம். இருந்திருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது. விரல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. முதுகெலும்பின் குழிவு, இடுப்பின் வளைவு, பாவாடை நாடா அழுத்திய கோடு. மிச்சி நாடாவைக் கொஞ்சம் தளர்த்தினாள். கண்ணாடியில் அவள் ஒரு நாளும் பார்க்க நினைக்காத இடம் அது. அங்கே விரல் நின்றது. இந்த முறை சுரண்டவில்லை. மிச்சியின் மூச்சும் நின்றதைப் பவளக்கொடி தன் முதுகால் கேட்டாள்.

“அசையாதே,” என்றாள் மிச்சி. “அந்த இடுக்கியைக் குடு.”